மாமனாருக்கு ஒரு மழை ஜெர்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்தால் எனக்கு மிகவும் பிடிக்கும். வாரம் முழுக்க லாண்டரியில் நின்றபடியே வேலை செய்கிறவன் நான். ஆவியும் சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் பழகிப்போன உடம்புக்கு ஒரு நாள் போர்வைக்குள் சுருண்டு கிடக்க ஆசை வருவதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அது தப்பாகத் தெரியாது என்றே நம்புகிறேன்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சித்தப்பாவோ மச்சானோ இல்லை. சொந்தக்காரர்கள் என்றால் பாதிக் கதையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நிதானமாகக் கேட்கிற ஆள் கிடைத்தால், நான் செய்தது எவ்வளவு சின்ன விஷயம் என்பது தானாக விளங்கிவிடும்.

என் மாமனார் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள். அவர் மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, ஷூ மாட்டி, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?"

பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "சைக்கிள்னா எனக்கு உயிர் சார்" என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டது கிடையாது. அன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறே கதவைத் தட்டினார். வாசலில் எனக்கென்று புது சைக்கிள் ஒன்று நின்றது, அதற்கு மணிகூடக் கட்டியிருந்தார்.

எங்கள் கூட்டம் நாலு பேர். மாமனார், பல் டாக்டர், பேக்கரிக்காரர், நான். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் ஏறி, உச்சியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும். தொட்டியை ஏன் தொட வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டேன். "தொடாம எப்படி மாப்ளே இறங்குறது?" என்றார். இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

ஒரே ஒரு நல்ல விஷயம், மழை பெய்தால் போக மாட்டோம். எங்கள் ஊரில் மழைக்காலம் நீளம், குளிரும் கூடவே வந்துவிடும். அந்த மாதங்களில் நான் உலகத்திலேயே சந்தோஷமான மருமகன். மாமனார் காலையில் போன் செய்து, "இன்னைக்கு வேணாம் மாப்ளே, ஊத்துது" என்பார். "அடடா, அப்படியா மாமா?" என்று நான் வருத்தப்படுவேன். என் மனைவி போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்படியே போயிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஒரு வாரம் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் பருத்திச் சட்டையில் தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க வந்து சேர்ந்தோம். பேக்கரியில் சூடாகக் காப்பி குடிக்கும்போது மாமனார் முடிவாகச் சொன்னார்.

"நம்ம உடம்புல கோளாறு இல்ல. சட்டையிலதான் கோளாறு. குளிருக்கும் மழைக்கும் தாங்குற மாதிரி முழுக்கை ஜெர்சி வேணும். மாப்ளே, துணி பத்தி உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? நீங்களே நாலு பேருக்கும் பார்த்து எடுங்க."

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே தவறு என்றுகூடச் சொல்வேன். ஜெர்சியை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

மட்டமான ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கடையில் அதற்குப் பஞ்சமே இல்லை. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பிளாஸ்டிக் உறை மாதிரி மொரமொரவென்று இருந்தது. "ஒரு சொட்டு உள்ள போகாது சார்" என்றார். வெளியிலிருந்து போகாது, வாஸ்தவம். உள்ளே ஊறுகிற வியர்வைக்கு வழி எங்கே? மேடு ஏறி முடிப்பதற்குள் ஆள் இட்லிப்பானைக்குள் உட்கார்ந்த கதிதான். அப்புறம் இறக்கத்தில் காற்று அடித்தால், அந்த வியர்வையே போதும் விறைத்துப்போக. முழுசாகத் தண்ணீரை அடைக்கிற துணி நெடுநேரம் மூச்சு வாங்க ஓட்டுகிறவனுக்கு ஆகாது. மழையை வழுக்கிவிட வேண்டும், உடம்புச் சூட்டை விடக்கூடாது, ஆவியை மட்டும் வெளியே விட வேண்டும். அப்படி ஒரு துணி உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு வேறொன்றை வாங்க என் கை கேட்கவில்லை.

அடுத்தது அளவு. எல்லோரும் கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று, "கச்சிதமா இருக்கு" என்று வாங்கிப் போய்விடுகிறார்கள். நின்றுகொண்டா சைக்கிள் ஓட்டுகிறோம்? நான் கடையில் காட்சிக்கு வைத்திருந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை எட்டிப் பிடித்துப் பார்த்தேன். நிற்கும்போது மணிக்கட்டை மூடியிருந்த கை, குனிந்ததும் நாலு விரல்கடை மேலே ஏறிவிட்டது. அதை ஒதுக்கினேன். இன்னொன்றில் முதுகு ஏறி இடுப்பு தெரிந்தது. பின்சக்கரம் வாரியடிக்கிற சேறு நேராக அங்கேதான் வந்து சேரும். கடைசியில் பின்பக்கம் நீளமாக இறங்கி, கை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்து, ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு பட்டை வைத்து, தாடையில் ஜிப் கடிக்காமல் மேலே ஒரு மடிப்புத் தைத்து, உள்பக்கம் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெத்தென்று இருந்த ஒன்று கிடைத்தது. தையல்களைத் திருப்பிப் பார்த்தேன். தோள் தையலை உள்ளிருந்து ஒட்டியிருந்தார்கள். மழை முதலில் உட்காருகிற இடம் தோள்தான்.

"நீங்க இந்தத் தொழில்லயா சார்?" என்றார் கடைக்காரர். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் நாலு வாங்கிவிட்டேன், இருட்டிலும் மழையிலும் கண்ணில் படுகிற எலுமிச்சை மஞ்சளில்.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. முதல் மழையிலேயே ஜெர்சி தன் வேலையைக் காட்டிவிட்டது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. உள்ளே உடம்பு கதகதவென்று இருந்தது. மாமனார் குழந்தை மாதிரி கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். எதிரில் வந்த பால்காரரை நிறுத்தி, "எங்க மாப்ளே செலக்‌ஷன்" என்று காட்டினார். பிறகு அறிவித்தார்.

"இனிமே மழையாவது வெயிலாவது. ஒரு வாரம்கூட விடக்கூடாது."

பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவர்களுக்கும் போர்வை உண்டு அல்லவா. நான் செய்தது எனக்காக மட்டும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

இரண்டு மாதம் பொறுத்தேன். உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். டயரில் காற்று இல்லை என்றால் பம்ப்போடு வருவார். ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்.

"உங்கப்பாகிட்ட நீ சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்ல? உங்க மாப்ளைக்கு சைக்கிள் உயிர்னு சொன்னது பொய்யின்னா? அப்பாவுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தாங்க இருக்கு. மத்த நாளெல்லாம் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டிருக்காரு. போயிட்டு வாங்களேன்."

பெண் அப்பா பக்கம்தான் பேசும், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான் வேறு வழி யோசித்தேன். போக வேண்டும் என்று சொல்கிறவர் ஒருவர்தான். அவர் ஒருவர் கொஞ்சம் நனைந்தால் போதும். "இன்னைக்கு வேணாம் மாப்ளே" என்று அவர் வாயாலேயே வந்துவிடும். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது.

"நம்ம ஜெர்சியெல்லாம் இனி நானே துவைச்சுத் தரேன். இந்தத் துணியை வீட்டு மெஷின்ல போட்டா வீணாப்போயிடும்" என்றேன். மூன்று பேரும் நெகிழ்ந்துபோனார்கள். நான் சொன்னது முழுக்க உண்மை. அந்தத் துணிமேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. தண்ணீரை உருட்டிவிடுவது அதுதான். அதற்கென்று தனி சோப்பு உண்டு. எதைப் போட்டாலும் சாஃப்ட்னரை மட்டும் அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. சட்டை மெத்தென்று மணக்க வேண்டும் என்று கடைசி அலசலில் ஊற்றுகிறார்களே, அந்த வாசனைத் திரவம். அது பூச்சின்மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்துவிடும். அதன்பிறகு துணி தண்ணீரை உருட்டாது, குடிக்கும்.

மூன்று ஜெர்சிகளைத் தனி சோப்பில் துவைத்தேன். மாமனாருடையதை வேறு மெஷினில் போட்டு, கடைசி அலசலில் ஒரு மூடி ஊற்றினேன். ஜெர்சியின் கழுத்துக்குள் துவைக்கும் முறையைச் சொல்லும் சின்ன பட்டி ஒன்று தைத்திருப்பார்கள். சாஃப்ட்னர் கூடாது என்று அதில் போட்டிருந்தது. அவருடையதில் மட்டும் அதைக் கத்தரித்துவிட்டேன். "கழுத்துல உறுத்தும் மாமா, அதான் எடுத்துட்டேன்" என்றேன். "இதையெல்லாம் யாரு பார்த்துச் செய்வா!" என்று என் தோளைத் தட்டினார்.

அடுத்த மழைக்கு நான் ஆவலாகக் காத்திருந்தேன். ஏறும்போதே அவருடைய தோள் கருத்து வருவதைப் பார்த்தேன். எங்கள் மூவர் மேலும் மழை வழுக்கி ஓடியது, அவர்மேல் உட்கார்ந்தது. மேடு ஏற ஏறப் பூ வாசனை வேறு. பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருங்க அது, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணக்குறது?"

"எங்க மாப்ளே துவைக்கிற துவையல் அப்படி" என்றார் மாமனார், பெருமையாக.

தொட்டியைத் தொட்டார். இறங்கினார். அவர் உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமும் கதவைத் தட்டினார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூடியை இரண்டாக்கினேன். பிறகு மூன்றாக்கினேன். ஒவ்வொரு வாரமும் அவர் நனைந்தார், நடுங்கினார், "ஜம்முனு இருக்கு" என்றார். நனைந்தால் நனைந்தேன் என்று சொல்வதில் ஒரு மனுஷனுக்கு என்ன கஷ்டம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றோடு நிறுத்தியிருப்பேன். அடுத்து நடந்ததில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. இதை நான் யார்மேலும் பழி போடச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. மேலே தொட்டியருகே வழக்கமாக அவர்தான் முதலில் நிற்பார், அன்று கடைசியாக வந்தார். தொட்டியைத் தொடக் கையை நீட்டினார், விரல் மடங்கியபடியே இருந்தது. "போலாமா?" என்றார். வார்த்தை குழறியது. குளிரில் வாய் விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

இறக்கத்தில் இரண்டாவது வளைவில் அவருக்குப் பிரேக் பிடிக்க வரவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது, விரல்தான் அசையவில்லை. சைக்கிளோடு ஓரத்து வாய்க்காலில் போய் விழுந்தார். நாங்கள் இறங்கி ஓடினோம். தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆனால் அவர் வலி என்று கத்தவில்லை. அதுதான் பல் டாக்டரைப் பயமுறுத்தியது. கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, "குழாயை விடாதே, இறுக்கிப் பிடி, உள்ள ஆள் இருக்கு" என்று யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு ஜில்லுனு போயிடுச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா ஆள் தங்க மாட்டார்" என்றார். பேக்கரிக்காரர் தன் ரொட்டி வண்டியை வரச் சொல்லிப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய ஈர ஜெர்சியைக் கழற்றிவிட்டு, என்னுடையதை அவருக்குப் போட்டேன். உள்ளே சூடாக, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. மழையில் வெறும் பனியனோடு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரொட்டி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில், சரியான நேரத்தில் சூடு கிடைத்ததால்தான் பிழைத்தார் என்று சொன்னார்கள். அவர் உயிரைக் காப்பாற்றியவன் நான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் மருமகன் என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நுரையீரலில் சளி கட்டி, அவர் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனைவி சொன்னாள்.

"அப்பா கொஞ்ச வாரமாவே சொல்லிட்டிருந்தாருங்க, ஜெர்சிக்குள்ள ஈரம் இறங்குற மாதிரி இருக்குன்னு. உங்ககிட்ட மூச்சு விடாதேன்னாரு. நீங்க அலைஞ்சு திரிஞ்சு எடுத்ததாம். தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமாம்."

நான் ஒன்றும் கல் இல்லை. எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவள் ஒரு பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அன்று கழற்றிய ஜெர்சி, சேறும் ஈரமுமாக. "துவைச்சு வச்சிடுங்க" என்றாள்.

துவைத்தேன். தனி சோப்பில் மூன்று முறை, வாசனை போகும்வரை அலசி, டிரையரில் இளஞ்சூட்டில் சுற்றவிட்டேன். சூடு பட்டால் அந்தப் பூச்சு மறுபடி எழுந்து நின்றுவிடும். ஜெர்சி வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டது. தடயத்தை அழித்தேன் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். ஒரு லாண்டரிக்காரன் அழுக்குத் துணியை நன்றாகத் துவைத்துக் கொடுத்தான் என்றும் சொல்லலாம்.

மாமனார் வீடு திரும்பியதும் எங்களோடு வைத்துக்கொண்டோம். தோள் கூடிவிட்டது. மருத்துவர் மெதுவாகச் சைக்கிள் ஓட்டலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். அவர்தான் ஓட்டவில்லை. விடிந்தபிறகும் படுத்திருந்தார். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்தார். கண்ணாடித் தம்ளரைத் தூக்க இரண்டு கையையும் பயன்படுத்தினார். பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நீங்க போங்கப்பா" என்றார். அவர்கள் போகவில்லை. நானும் போகவில்லை. கூட்டம் கலைந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் நன்றாகத் தூங்குகிறேன்.

போன ஞாயிறு நல்ல மழை. தாமதமாக எழுந்து வந்தால், மாமனார் சமையலறைத் தொட்டியருகே அந்த மஞ்சள் ஜெர்சியோடு நின்றுகொண்டிருந்தார். கையில் தம்ளர். ஜெர்சியின் தோளில் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் உருண்டு ஓடியது. துடைத்துவிட்டு, ஜெர்சியின் கைப்பகுதியில் ஊற்றினார். உருண்டு ஓடியது. முதுகைத் திருப்பிப் போட்டு ஊற்றினார். உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார். "சட்டைக்குள்ள இருந்தவன்தான் சரியில்ல."

"விடுங்க மாமா."

"இல்ல மாப்ளே. வாராவாரம் நனையுற மாதிரியே இருந்துச்சு எனக்கு. சத்தியமா நனைஞ்சேன். உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல. அதே மழை, அதே சட்டை. அப்படின்னா என் உடம்பு எனக்கே பொய் சொல்லியிருக்கு. இனிமே அதை நம்பி நான் எதுல ஏறுறது?"

தம்ளரைக் கீழே வைத்தார். சைக்கிளைப் பேக்கரிக்காரரின் பையனுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். எத்தனையோ எரியும் வீடுகளுக்குள் போய்வந்த மனுஷன், ஒரு பதிலுக்குப் பயந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

"மத்தவங்க ஆறுதலா ஏதாவது சொல்லி மழுப்பிடுவாங்க. நீங்க மழுப்ப மாட்டீங்க. உண்மையைச் சொல்லுங்க மாப்ளே. எனக்கு வயசாயிடுச்சா?"

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சொன்னால் அவர் மறுநாளே சைக்கிளில் ஏறியிருப்பார், அது எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே மழை பலமாகப் பெய்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறும் பெய்யும் போல இருந்தது.

"ஆமா மாமா" என்றேன்.

இந்த விவகாரத்தில் அவர் என்னிடம் நேரடியாகக் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் பொய் சொல்லவில்லை. அவருக்கு அறுபத்தேழு வயது.